வளரும் நாட்டுக்கு மிஷன் பயணம்: 14 பேர் குழுவுக்கு எதை முதலில் ஏற்பாடு செய்வது?

கேள்வி: ஒலிவக்கிளை

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையிலிருந்து 14 பேர் கொண்ட குழு ஒன்று, வளரும் நாடு ஒன்றின் கிராமப்புறச் சபையோடு 12 நாட்கள் தங்கி ஊழியத்தில் பங்கெடுக்கப் போகிறது. குழுவில் இளையவருக்கு வயது 19, மூத்தவருக்கு 67. புறப்பட இன்னும் ஐந்து மாதங்கள் இருக்கின்றன. ஒருங்கிணைக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நானோ இப்படிப்பட்ட பயணத்தில் ஓர் உறுப்பினராகக்கூட இதுவரை போனதில்லை.

இப்போதைய திட்டத்தின்படி மூன்று நாட்கள் சிறுவர் ஊழியம், இரண்டு நாட்கள் மருத்துவ முகாம், மீதி நாட்களில் அந்தச் சபை நடத்தும் பள்ளிக்கூடத்தின் கூரையைப் பழுதுபார்க்கும் வேலை. எங்களோடு ஒரு மருத்துவரும் இரண்டு செவிலியரும் வருகிறார்கள். சபையார் மருந்துகள், பழைய உடைகள், பொம்மைகள் என்று இப்போதே கொண்டுவந்து குவிக்கத் தொடங்கிவிட்டதால், ஆலயத்தின் பின்னறையில் கால்வைக்க இடமில்லை.

சுற்றுலா விசா போதும் என்று ஒருவர் சொல்கிறார். பயணக் காப்பீடு எடுப்பது விசுவாசக் குறைவு என்று மூப்பர் ஒருவர் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் விழித்தேன். தடுப்பூசி, குடிநீர், பணத்தை எடுத்துச்செல்லும் முறை, எவற்றைக் கொண்டுபோகலாம், எவற்றைக் கொண்டுபோகக்கூடாது என்பவை பற்றி அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: விளக்குத்தண்டு

நான் செவிலியர், இதுபோன்ற குழுக்களோடு ஐந்து முறை போய்வந்திருக்கிறேன். உடல்நலத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், மற்றவற்றை அறிந்தவர்கள் எழுதட்டும்.

ஐந்து மாதம் இருப்பது நல்லது. ஆனால் அதில் நான்கு மாதத்தைப் பேசியே கழித்துவிடாதீர்கள். குறைந்தது ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பாக 14 பேரும் பயண மருத்துவ ஆலோசனை தரும் ஒரு மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். டெட்டனஸ், தட்டம்மை போன்ற வழக்கமான தடுப்பூசிகள் நிறைவாக இருக்கின்றனவா என்பதை முதலில் பார்ப்பார். பிறகு மஞ்சள் காமாலையின் ஏ வகை, டைஃபாய்டு ஆகியவற்றுக்கான ஊசிகளைப் பற்றிப் பேசுவார். நீங்கள் போகும் நாடோ, வழியில் விமானம் மாறும் நாடோ மஞ்சள் காய்ச்சல் பரவும் பகுதியில் இருந்தால், அதற்கான தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் எல்லையிலேயே நிறுத்திவிடக்கூடும். அந்தச் சான்றிதழ் ஊசி போட்டு 10 நாட்கள் கழித்துத்தான் செல்லுபடியாகும். 2016 ஜூலை 11 முதல் அது வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று உலக அளவில் விதி மாறியிருக்கிறது. ஆனால் 60 வயதைக் கடந்தவர்களுக்கு இந்த ஊசியை முதன்முறையாகப் போடும்போது கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு கூடுதலாக இருப்பதால், உங்கள் 67 வயது உறுப்பினர் தமது மருத்துவரோடு தனியாக உட்கார்ந்து முடிவெடுப்பதே முறை. மற்ற எல்லோரோடும் வரிசையில் நின்று அவர் ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடக்கூடாது.

மலேரியா உள்ள பகுதியாக இருந்தால் தடுப்பு மாத்திரை வேண்டும். எந்த மாத்திரை என்பது அந்தப் பகுதியையும் அவரவர் உடல்நிலையையும் பொறுத்தது. அட்டோவாகோன்-புரோகுவானிலைப் போவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கித் திரும்பிய பின் 7 நாட்கள் வரை தினமும் எடுக்க வேண்டும். டாக்சிசைக்ளினைத் திரும்பிய பின் நான்கு வாரம் எடுக்க வேண்டும், வெயிலில் தோல் எளிதில் கன்றிப்போகும் என்பதால் கூரை வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மெஃப்ளோகுயின் வாரம் ஒரு முறைதான் என்றாலும், மனநலப் பிரச்சினை இருந்தவர்களுக்கு அது ஏற்றதல்ல. வீடு திரும்பிய மகிழ்ச்சியில் மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. எந்த மாத்திரையும் முழுப் பாதுகாப்பு தருவதில்லை. மலேரியாவைப் பரப்பும் கொசு அந்தி முதல் விடியல் வரை கடிப்பதால் மருந்தில் தோய்த்த கொசுவலையும், தோலில் பூசும், டீட் என்ற கொசுவிரட்டி கலந்த மருந்தும் அவசியம். டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

குடிநீரைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டிய இடத்தில்தான் பயப்படுவதில்லை. என்னோடு வந்த இளைஞர் ஒருவர் மூடி உடைக்காத புட்டித் தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடாதவர், ஆனால் காலையில் பல் துலக்கியது குழாய்த் தண்ணீரில். மூன்றாம் நாள் பள்ளிக்கூட பெஞ்சில் அவரைப் படுக்கவைத்து, ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டு நான் பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். அன்று எனக்கென்று வைத்திருந்த வகுப்பை உள்ளூர்ச் சகோதரி ஒருவர் எடுத்தார், என்னைவிட நன்றாகவே எடுத்தார். தண்ணீரைக் குமிழி பொங்க ஒரு நிமிடம் கொதிக்கவைத்தால் போதும், 2000 மீட்டருக்கு மேற்பட்ட உயரமான ஊர்களில் மூன்று நிமிடம். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். உப்பைக் கூட்டிவிடாதீர்கள்.

நாய், குரங்கு, வௌவால் எது கடித்தாலும், பிராண்டினாலும், ரேபிஸ் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தைகளோடு விளையாடும் இடத்தில் நாய்க்குட்டியும் இருக்கும். இளையவர்கள்தான் அதைத் தூக்குவார்கள்.

கடைசியாக, நோய்களைவிட ஆபத்தானது சாலை. உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கையின்படி ஆண்டுதோறும் சுமார் 11.9 லட்சம் பேர் சாலை விபத்தில் இறக்கிறார்கள். அவர்களில் 92 விழுக்காட்டினர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் இறக்கிறார்கள். இருட்டிய பின் ஊர்விட்டு ஊர் போகும் பயணம் கிடையாது என்று குழுவில் ஒரு விதியை எழுதி வையுங்கள். விமானம் நள்ளிரவில் இறங்கினால் விமான நிலையத்துக்கு அருகிலேயே தங்கிவிட்டு விடிந்தபின் கிளம்புங்கள். சீட் பெல்ட் இல்லாத வேனை வாடகைக்கு எடுக்காதீர்கள், பின்பக்கம் திறந்த லாரியில் பாட்டுப் பாடிக்கொண்டு போவது படத்தில் அழகாக இருக்கும் என்றாலும் ஏறாதீர்கள்.

பதில் 2: கணக்குப்பிள்ளை

சகோதரரே, விசாவைப் பற்றி உங்களிடம் சொன்னவர் தம் சொந்தப் பொறுப்பில் சொன்னாரா என்று கேளுங்கள், ஏனென்றால் மாட்டிக்கொள்ளப்போவது நீங்கள். சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கம் செய்வதும், மருத்துவம் பார்ப்பதும், கூரை வேய்வதும் பல நாடுகளில் விசா விதிமீறல். சில நாடுகளில் ஊழியத்துக்கென்றே தனி விசா உண்டு. இந்தியாவில் மிஷனெரி விசா என்று ஒரு வகை இருக்கிறது. வேறு சில இடங்களில் பிரச்சினை விசாவோடு முடிவதில்லை: நேபாளத்தின் 2015 அரசியல் சாசனமும் 2017 குற்றவியல் சட்டமும் பிறரை மதம் மாற்றுவதைக் குற்றமாக்கியிருக்கின்றன, அதில் தண்டனை பெறும் வெளிநாட்டவர் நாடுகடத்தப்படுவார். எனவே தூதரகத்துக்கு எழுதி, என்னென்ன செய்யப்போகிறீர்கள் என்பதை உள்ளபடியே சொல்லி, எழுத்தில் பதில் வாங்குங்கள். உண்மையை மறைத்து நுழைந்தால், நீங்கள் ஊர் திரும்பிய பிறகு விசாரணைக்குப் பதில் சொல்லப்போகிறவர் உங்களை அழைத்த போதகர்.

பாஸ்போர்ட் நுழையும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பது பல நாடுகளின் விதி, வெற்றுப் பக்கங்களும் இருக்க வேண்டும். 14 பாஸ்போர்ட்டுகளையும் இந்த வாரமே வாங்கிப் பாருங்கள். ஒருவருடையதாவது காலாவதியாகும் தறுவாயில் இருக்கும், எப்போதும் இருக்கும்.

காப்பீடு பற்றி அந்த மூப்பரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஆலயக் கோபுரத்தில் இடிதாங்கி எதற்காக வைத்திருக்கிறோம்? வேடிக்கையை விட்டுச் சொன்னால், காப்பீடு இல்லாத ஒரு விருந்தாளி கூரையிலிருந்து விழுந்தால், மருத்துவமனை வாசலில் கடன் வாங்கி நிற்கப்போவது அழைத்த சபைதான். சாதாரணப் பயணக் காப்பீட்டில் பெரும்பாலும் மூன்று ஓட்டைகள் இருக்கும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு இழப்பீடு கிடையாது, உயரத்தில் ஏறிச் செய்யும் உடலுழைப்பு வேலைக்கும் கிடையாது, நல்ல மருத்துவமனை உள்ள நகரத்துக்கோ வேறு நாட்டுக்கோ நோயாளியை விமானத்தில் கொண்டுபோகும் செலவும் அடங்காது. இவை மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். 67 வயதுக்காரருக்கு வயது வரம்பு உண்டா என்பதையும் பாருங்கள்.

பணத்தை ஒரே ஆள் எடுத்துச்செல்ல வேண்டாம். எருசலேமுக்காகச் சேர்த்த காணிக்கையைப் பவுல் தனியாகச் சுமந்து போகவில்லை, யாரும் குறைசொல்லாதபடி சபைகள் நியமித்த சகோதரரையும் உடன் சேர்த்துக்கொண்டார் என்பதை 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பெரிய தொகைகளை, அதாவது கூரைக்கான பணத்தை, முன்கூட்டியே வங்கி வழியாக அந்தச் சபையின் கணக்குக்கு அனுப்பி, ரசீது பெறுவதே சரி. கையில் கொண்டுபோவது அன்றாடச் செலவுக்கு மட்டும். அதையும் நான்கைந்து பேரிடம் பிரித்துக் கொடுத்து, ஒரு நோட்டில் இருவர் கையெழுத்தோடு கணக்கு எழுதுங்கள். டாலர் கொண்டுபோனால் புதிய, மடிப்பில்லாத நோட்டுகளாக இருக்கட்டும். கிழிந்தது, கிறுக்கியது, பழைய வரிசை என்று சொல்லிப் பல நாடுகளின் நாணய மாற்றகங்கள் திருப்பிவிடும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் கொண்டுபோனால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும், அந்த வரம்பு நாட்டுக்கு நாடு வேறு.

மூட்டை முடிச்சுகளில் சிறிய விஷயங்களே தகராறு செய்யும். பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெரிய பெட்டியில் போடக்கூடாது. 100 வாட்-மணி வரை பொதுவாக விடுவார்கள், 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருப்பது சுமார் 74 வாட்-மணிதான். ருவாண்டா, கென்யா, தான்சானியா போன்ற நாடுகளில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால், துணிகளைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி அடுக்கும் பழக்கத்தை விடுங்கள். ராணுவ உடை போன்ற புள்ளி போட்ட ஆடைகளும், டிரோன் கேமராவும் வேண்டாம். சொந்த மருந்துகளை அட்டையோடும் மருத்துவச் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். கோடீன், டிரமடால் கலந்த வலிநிவாரணிகளுக்குச் சில நாடுகளில் கடுமையான கட்டுப்பாடு உண்டு.

பதில் 3: வாசற்படி

நான் எதிர்ப்பக்கத்தில் இருப்பவன். 11 ஆண்டுகளாக எங்கள் சபைக்கு வரும் குழுக்களை வரவேற்கும் வேலை என்னுடையது. மேலே இருவரும் எழுதியது அனைத்தும் சரி, ஆனால் கேள்வியிலேயே ஒன்றைக் காணவில்லை: சிறுவர் ஊழியம், முகாம், கூரை ஆகிய மூன்றையும் அந்தச் சபை கேட்டதா, அல்லது உங்கள் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து நீங்கள் தீர்மானித்தீர்களா?

இதை மனத்தாங்கலோடு கேட்கவில்லை. வருகிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வராது. நீங்கள் எந்தத் திட்டத்தை அனுப்பினாலும் "மகிழ்ச்சியோடு வரவேற்கிறோம்" என்றே பதில் வரும், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "வருவதா?" என்று கேட்காமல், "இந்த ஆண்டு உங்கள் சபை எதற்காகச் சிரமப்படுகிறது, அதில் 14 பேர் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா, ஒன்றுமில்லை என்றால் நான்கு பேர் மட்டும் வருவது உதவியாக இருக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். கேள்வியில் இல்லை என்று சொல்ல இடம் வைத்தால்தான் உண்மையான பதில் வரும்.

மருந்துகளைப் பற்றி. ஒரு முறை ஒரு குழு இரண்டு பெட்டி மருந்துகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போனது. பெட்டியைத் திறந்தபோது பாதி அட்டைகளில் இருந்த எழுத்து எங்களில் எவராலும் வாசிக்க முடியாதது, மீதியில் பெரும்பாலானவை இரண்டு மாதத்தில் காலாவதியாகக்கூடியவை. பிள்ளைகள் கையில் சிக்கிவிடக்கூடாதே என்று நானும் என் மனைவியும் பூட்டிய அறையில் இரண்டு மாலைப்பொழுதுகள் உட்கார்ந்து பிரித்து அடுக்கி, பிறகு சுகாதார நிலையத்தாரிடம் கெஞ்சி அவர்கள் வழியாக அழித்தோம். தானமாக வரும் மருந்து வந்துசேரும் நாளில் குறைந்தது ஓர் ஆண்டு ஆயுள் உள்ளதாக இருக்க வேண்டும், உள்ளூரில் புரியும் மொழியில் விவரம் இருக்க வேண்டும், பெறுகிறவர் கேட்டதாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு நெறிகள் 1996 முதலே சொல்லிவருகின்றன. உங்கள் ஆலயத்தின் பின்னறையில் இருப்பவற்றில் எத்தனை இந்த மூன்றையும் தாண்டும்? பழைய உடைகளுக்கும் இதே கதைதான், அவற்றுக்குச் சுங்கவரியும் கட்ட நேரிடும்.

முகாமிலும் எனக்குத் தயக்கம் உண்டு. வேற்று நாட்டு மருத்துவர் அந்த நாட்டு மருத்துவ மன்றத்தின் அனுமதி இல்லாமல் சிகிச்சை தருவது பல இடங்களில் குற்றம். அனுமதி வாங்கினாலும், ரத்த அழுத்தம் இருப்பதாகக் கண்டுபிடித்து 30 நாள் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் விமானம் ஏறிவிட்டால், 31ஆம் நாள் அந்த மனிதர் யாரிடம் போவார்?

குழந்தைகளைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்தக் குழந்தையோடும் எவரும் தனியாக இருக்கக்கூடாது; எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் உள்ளூரைச் சேர்ந்தவராக இருப்பது நலம். வரும் 14 பேருக்கும் குற்றப் பின்னணிச் சான்றிதழ் கேளுங்கள். நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பெற்றோரின் சம்மதம் இல்லாமல் படம் எடுத்து வலைத்தளத்தில் போடக்கூடாது. குழந்தைகள் இல்லத்துக்குப் "போய்ப் பார்த்துவிட்டு வரும்" நிகழ்ச்சி திட்டத்தில் இருந்தால் எடுத்துவிடுங்கள். பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறை புதிய முகங்கள் வந்து கட்டியணைத்துவிட்டுப் போவது அந்தப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு பிரிவு.

இன்னும் ஒன்று. ஆராதனை முடிந்ததும் ஓர் அக்கா எங்கள் சபையின் விதவை ஒருவர் கையில் யாருக்கும் தெரியாமல் பணத்தை வைத்துவிட்டுப் போனார். தெரியாமல் என்று அவர் நினைத்தார். அடுத்த இரண்டு மாதம் அந்த அம்மாவோடு பக்கத்து வரிசைப் பெண்கள் சரியாகப் பேசவில்லை. கொடுக்க விரும்புவதை மூப்பர்களிடம் கொடுங்கள். யாருக்கு எவ்வளவு தேவை என்பது அவர்களுக்குத் தெரியும்.

பதில் 4: விளக்குத்தண்டு

வாசற்படி ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். முகாமே வேண்டாம் என்பதை மட்டும் அப்படியே ஏற்க முடியவில்லை. நாங்கள் கடைசி இரண்டு பயணங்களில் தனி முகாம் போடுவதை விட்டுவிட்டு, உள்ளூர்ச் சுகாதார நிலையத்தாருக்கு முன்கூட்டியே எழுதி, அவர்கள் அனுமதி பெற்றுத் தந்த பிறகு அவர்களுடைய அறையில், அவர்களுடைய பதிவேட்டில், அவர்கள் கையிருப்பில் உள்ள மருந்துகளையே பயன்படுத்தி வேலை செய்தோம். ஒரு நாளைக்குப் பார்த்த நோயாளிகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது, அறிக்கையில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் 31ஆம் நாள் அந்த மனிதர் எங்கே போவார் என்ற கேள்விக்கு விடை இருந்தது.

இன்னொன்றை முதல் பதிலில் எழுதத் தவறிவிட்டேன். திரும்பி வந்து ஓர் ஆண்டுக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், எந்த நாட்டுக்குப் போய்வந்தோம் என்பதை மருத்துவரிடம் தாமாகவே சொல்ல வேண்டும். மலேரியா சில வகைகளில் மாதங்கள் கழித்தும் தலைகாட்டும், கேட்காத மருத்துவர் அதைச் சாதாரணக் காய்ச்சல் என்றே நினைப்பார்.

பதில் 5: ஒலிவக்கிளை

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரமாக இங்கே வராததற்கு மன்னிக்கவும். இடையில் நிறைய நடந்துவிட்டது. வாசற்படி ஐயா சொன்ன கேள்வியை ஏறக்குறைய அதே சொற்களில் அந்தச் சபையின் போதகருக்கு எழுதினேன். ஒன்பது நாள் பதில் இல்லை. தவறாக எழுதிவிட்டேனோ என்று பயந்தேன். பிறகு வந்தது நீளமான கடிதம்.

கூரையை உள்ளூர்த் தச்சர்கள் இருவர் செய்துவிடுவார்களாம், மரத்துக்கான பணம்தான் இல்லையாம். சிறுவர் ஊழியத்துக்கு எங்கள் ஆட்கள் நேரடியாக வகுப்பெடுப்பதைவிட, அவர்களுடைய ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் ஒன்பது பேருக்கு மூன்று நாள் பயிற்சி கொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். மருத்துவர் வந்தால் சுகாதார நிலையத்தில் பேசிப் பார்ப்பதாகச் சொல்கிறார், உறுதியாகச் சொல்லவில்லை. வேலை குறைந்துவிட்டதால் குழுவிலிருந்து ஐந்து பேர் தாமாகவே விலகி, தங்கள் பயணச் செலவைக் கூரைக்கென்று கொடுத்துவிட்டார்கள். ஒருவருக்கு மனவருத்தம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

மூப்பர் இடிதாங்கிக் கேள்வியைக் கேட்டதும் முதலில் முறைத்தார், பிறகு காப்பீட்டுக்கான தொகையைத் தாமே கொடுத்தார். பாஸ்போர்ட்டுகளில் இரண்டு, ஒன்றல்ல, காலாவதியாகப் போகின்றன. பின்னறையில் இருந்த மருந்துகளைச் சரிபார்த்ததில் தேறியவை ஒரு காலணிப் பெட்டிக்குக்கூடப் போதவில்லை.

போதகரின் கடிதத்தின் கடைசி வரியில் ஒரு கேள்வி இருந்தது: அவர்களிடம் கட்டில்கள் ஐந்துதான் இருக்கின்றன, எங்களில் தரையில் படுக்க முடியாதவர்கள் எத்தனை பேர்? இன்று மாலைக் கூட்டத்தில் ஒன்பது பேரிடமும் அதைத்தான் முதலில் கேட்கப் போகிறேன்.